சுவர் மூச்சை எண்ணும். கதவை யார் திறப்பார்?

கைதியைத் தொடாமலே அவரது மூச்சையும் நாடித்துடிப்பையும் கணக்கிடும் கருவிகளை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு ஒரு வாடிக்கையான வடிவம் உண்டு. ரேடார், கேமரா, மெத்தைக்கடியில் வைக்கும் உணரி ஆகியவற்றை வரிசையாக நிறுத்தி, துல்லியம், பொய் எச்சரிக்கை, விலை என்று கட்டம் கட்டி மதிப்பிடுவார்கள். இந்தியச் சிறைக்குள் கொண்டுவந்தால் அந்த அட்டவணை ஆட்டங்காணுகிறது.

ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மனிதர் என்பதே இக்கருவிகளின் எடுகோள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். நெருங்கிப் படுத்திருக்கும் பலரின் மார்பசைவை ரேடார் பிரித்தறிவது கடினம். பிரித்தாலும் எது யாருடைய மூச்சு என்பதை அது தானாக அறியாது. தோலின் நுண்ணிய நிறமாற்றத்திலிருந்து நாடித்துடிப்பைக் கணிக்கும் கேமராவுக்குக் கருந்தோலில் குறிகை மங்கும், போர்வைக்குள் மறையும். தரையில் படுப்பவருக்கு மெத்தைக்கடி உணரியால் என்ன பயன்?

இவை பொறியியல் குறைகள், நாளை தீரக்கூடும். எச்சரிக்கை ஒலித்தபின் நிகழவேண்டியதை இந்த அட்டவணை அளப்பதே இல்லை. நள்ளிரவில் பூட்டைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு? மருத்துவர் எங்கே? 300 கைதிகளுக்கு ஒரு மருத்துவ அலுவலர் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. நடைமுறை அதற்கு வெகுதொலைவில் நிற்கிறது. 2022இல் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 1,773 பேரின் மரணம் 'இயற்கையானது' என்று பதிவாகியுள்ளது. உரிய காலத்தில் சிகிச்சை கிட்டாத மரணமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பார்க்கின்சன் நோயால் குவளையைப் பிடிக்க இயலாத 83 வயது ஸ்டேன் சுவாமி, தளோஜா சிறையிலிருந்து ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. அவரது கைநடுக்கத்தைக் கண்டறிய எந்த உணரியும் தேவைப்படவில்லை. பிணை கிட்டாமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனை ஒன்றில் அவர் மறைந்தார்.

கருவி இருந்தும் பயனற்றுப்போனதற்குச் சாத்தான்குளம் சான்று. 2020இல் அக்காவல் நிலையத்தில் கேமராவும் இருந்தது, போதிய சேமிப்பிடமும் இருந்தது. ஆயினும் காட்சிகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் சுட்டிக்காட்டினார்.

ஓர் உயிரையேனும் கருவி காக்குமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2022இல் மட்டும் 119 பேர் சிறைக்குள் தற்கொலை செய்துகொண்டனர். அந்த வாதம் நேர்மையானதெனில், ஒப்பீட்டின் அளவுகோல் மாறவேண்டும். எச்சரிக்கைக்கும் கதவு திறப்புக்கும் இடையே கழியும் நிமிடங்கள் எத்தனை? பதிவுகள் யார் வசம் இருக்கும்? அவை கைதியின் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் கிடைக்குமா? அழிப்பவருக்குத் தண்டனை என்ன? இவற்றைக் கேளாத ஆய்வு, கருவி விற்பவருக்கான விலைப்பட்டியலாகவே எஞ்சும்.