ஐந்து ஸ்டாரும் ஐம்பது ரூபாயும்

எங்கள் கணபதிப் பக்கம் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி, போன வாரம் கல் கொத்திக் கொடுத்துவிட்டு, "ஏனுங்கய்யா, கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டீங்கன்னா அம்பது ரூவா கொறச்சுக்கலாமுங்க" என்றார். முழுப் பணத்தையும் கொடுத்தேன். ஸ்டார் போடவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு மிஷ்லின் கையேடுதான் ஞாபகம் வரும். டயர் கம்பெனி 1900-இல் தொடங்கியது. 1926 முதல் ஓட்டல்களுக்கு நட்சத்திரம். ஆய்வாளர் பெயர் சொல்லாமல் வந்து சாப்பிட்டு, பில்லையும் கட்டிவிட்டுப் போவார். மதிப்பு அதனால்தான்.

தள்ளுபடி கொடுத்து வாங்கும் விமர்சனத்தைக் கூகுளே அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் 2022-இல் ஐ.எஸ். 19000 என்று இதற்கொரு தரநிர்ணயம் வந்தாயிற்று. "எப்படி இருந்ததுன்னு எழுதுங்க" என்று சும்மா கேட்பதில் தப்பில்லை.

அவர் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாற்றிய பெல்ட் பத்தே நாளில் அறுந்துவிட்டதாக ஒரு அம்மா எழுதி மூன்று மாதமாகிறது, பதிலே இல்லை. காலமெல்லாம் மனுக்களுக்குப் பதில் எழுதியவன் கண்ணில் வேறென்ன படும்?

"தம்பி, மொதல்ல அந்தம்மாவுக்குப் பதில் போடுங்க. பெல்ட்டைச் சும்மா மாத்திக் குடுங்க."

"அது கெடக்கட்டுங்கய்யா, அதை அழிக்கறது எப்படின்னு சொல்லுங்க" என்கிறார்!