மருந்துக்கு அடங்காத கிருமியும் வெயிலும்

சாயமேற்றிய நூலை நிழலில் உலர்த்துவது நெசவாளர் வழக்கம். வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அதே வெயில் குடிநீரிலுள்ள கிருமிகளையும் மாய்க்கும் என்பதை நம் சங்கங்கள் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை என்பதே எமது குறை.

வயிற்றோட்டம் கண்டவுடன் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கி, சற்றுத் தேறியதும் நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்குபவை பிழைத்துப் பெருகுகின்றன. அத்திறனைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. கோழிக்கும் கால்நடைக்கும் தீனியோடு இம்மருந்துகளை ஊட்டும் விவசாயிகளும் இதற்குப் பொறுப்பாளிகளே. கோலிஸ்டின் என்னும் மருந்தை அவ்வாறு ஊட்டுவதை 2019இல் மத்திய சர்க்கார் தடை செய்தது. 2010இல் டில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளுள் 2 மாதிரிகளிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51 மாதிரிகளிலும், உயர்ந்த மருந்துகளையும் முறிக்கவல்ல மரபணு காணப்பட்டது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைபாய்டு ஜுரமோ பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்கவில்லை.

ஒளியின் வேலை வேறு. புறஊதாக் கதிர் கிருமியின் மரபணுவையே சிதைத்துப் பெருகவொட்டாமற் செய்கிறது. மருந்தைத் தாங்கும் கிருமியும் அதற்குத் தப்புவது அரிது. 1992இல் சென்னையில் தலைகாட்டிய புதுவகைக் காலரா பல இடங்களுக்கும் பரவிய பின்னர், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் அசோக் காட்கில் என்னும் விஞ்ஞானி, நிமிஷத்துக்குச் சுமார் 15 லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் எளிய விளக்குக் கருவியை அமைத்தார். அது வாங்க இயலாத இல்லத்தார்க்கு, பெய்ரூட்டில் ஆப்டிம் அக்ரா 1980ஐ ஒட்டி ஆராய்ந்து காட்டிய வழி உண்டு. இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்த வேண்டும். மேகமூட்டமாயின் இரண்டு நாள். கலங்கல் நீரை முதலில் வடிகட்டுவது அவசியம். அடைமழையில் இம்முறை பலிக்காது. அப்போது காய்ச்சியே குடிக்க வேண்டும்.

சாயக்கழிவு கலந்த கிணற்று நீரை எவ்வொளியும் திருத்தாது. பட்டறைகளுக்கு அருகில் வசிப்போர் இதை மறக்கலாகாது. ஒளியில் தூய்மையான நீர் அழுக்குக் குடத்தில் மீண்டும் கெடும். குளோரினுக்குள்ள நீடித்த காவல் இதற்கில்லை.

விளக்கு எரிகிறதே என்றும் ஏமாறலாகாது. சுமார் ஓராண்டு கழிந்தபின் வெளிச்சம் தெரியும், கொல்லும் வலு குன்றியிருக்கும். ஆகவே மகாசபையில் கருவி வாங்கத் தீர்மானிக்கும் சங்கங்கள், வருஷந்தோறும் விளக்கை மாற்றுவதற்கான தொகையையும் அதே தீர்மானத்தில் ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.