காய்ச்சல் இறங்கிய அன்று வேலைக்குப் போகாதீர்கள்



மழை தொடங்கியதிலிருந்து வகுப்பில் "காய்ச்சல் சேர்" என்று வராமல் நிற்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் இந்த நீளப் பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

டெங்கு மூன்று நாள் உடம்பைக் கொளுத்தும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் உடம்பு குளிர்ந்துவிடும். "சுகமாயிட்டுது" என்று அம்மா கொழுந்தெடுக்கப் போவார், அப்பா பால் வெட்டப் போவார். மூன்று நாள் பேர் விழாத வீட்டில் அதை யார் குறை சொல்வது? ஆனால் டெங்குவில் உயிராபத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான்.

வைரஸ் தனியாகப் பெருகாது. நம் உடம்பின் கலம் ஒன்றுக்குள் புகுந்து, அந்தக் கலத்தை வைத்தே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்துகொள்ளும். டெங்கு வைரஸ் புகுவது, கிருமியைப் பிடிக்க வேண்டிய நமது வெள்ளை அணுக்களுக்குள்ளேயே. காய்ச்சல் இறங்கும்போது இரத்தத்தில் வைரஸ் குறைந்திருக்கும், அது உண்மை. ஆனால் அதை எதிர்க்க உடம்பு சுரந்த இரசாயனங்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. இரத்தத்தின் நீர் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை இது நடக்கலாம். எல்லோருக்கும் நடக்காது. யாருக்கு நடக்கும் என்பதை நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

"எனக்குப் போன முறை வந்தது, இனி வராது" என்பவர்களுக்கு: டெங்கு வைரஸில் நாலு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் பாதுகாப்பு. வேறு வகை வரும்போது பழைய எதிர்ப்புச் சக்தியே அதைக் கலத்துக்குள் கூட்டிப்போய் விடுவதுண்டு. இரண்டாம் முறை கடுமையாவது அதனால்தான். 2017இல் இரண்டாம் வகை பரவியபோது நாடு முழுக்க 186,101 பேர் பதிவானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

டவுனில் பார்மசி வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு வலி என்று வருபவருக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவைக் கூட்டும். அன்டிபயோட்டிக் வைரஸைத் தொடவே தொடாது. பரசிட்டமோல் மட்டும் போதும், அதுவும் அளவோடு. (பப்பாசி இலைச் சாறு குடிப்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. அதை நம்பி இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.)

இனி நுளம்பு. சோதனை என்று வந்தால் எல்லோரும் பள்ளிக்கூட வளவையும் லயத்து வாசலையும் பார்க்கிறார்கள். ரப்பர் மலையில் மழைக்கு வெட்டு நின்றால் மரத்துக்கு ஒரு சிரட்டை தண்ணீரோடு நிற்கிறதே, அதைப் பார்ப்பது யார்? ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டை நுளம்பாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடத்தின் உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் பொறுப்பை வைக்கிறது. மலையில் நிற்கும் சிரட்டைக்கு லயத்தில் இருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? வெட்டு நிற்கும் நாளில் சிரட்டைகளைக் கவிழ்க்க ஆள் போட வேண்டியது தோட்ட நிர்வாகம். அதற்கும் பேர் போட வேண்டும்.

அதே வாயால் நம் பக்கத்தையும் சொல்கிறேன். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடுவதற்கு எத்தனை கூட்டம் கூட வேண்டும்?

தோட்டத் தலைவர்மாரிடம் ஒரு கோரிக்கை. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கப் போகிறவருக்கு, துண்டைக் காட்டினால் அன்றைய பேரை வெட்டாதீர்கள் என்று நிர்வாகத்திடம் பேசுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் வேகத்தில் பாதி காட்டினாலும் போதும்.

வீட்டில் காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த நுளம்புதான் சில நாளில் பக்கத்துக் காம்பராவுக்கு வைரஸைக் கொண்டுபோகிறது. கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாமல் போகும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைதல், எழும்ப முடியாத சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் டிவிஷனில் இரவில் ஆட்டோ கிடைக்காவிட்டால் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.