விடையும் வழியும்

கணக்கிற்கு விடை கூறுவோரெல்லாம் கணக்கை அறிந்தவராவரோ? பெருமொழி மாதிரிகள் என்னும் கணினி ஏற்பாடுகள் மாணவர் ஒவ்வொருவர் கைக்கும் எட்டியுள்ள இந்நாளில், இவ்வினா நம்மனைவரையும் சார்ந்ததாகும்.

அளவிறந்த எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லையடுத்து யாது சொல் வருதல் தகும் என மதிப்பிட்டு எழுதுவன இவை. வழியைப் படிப்படியாக எழுதிக்காட்டிய எடுத்துக்காட்டுகள் சிலவற்றை முன்வைத்து வினவினால், பெரிய மாதிரிகள் முன்னினும் மிகுதியான கணக்குகளைச் செவ்வனே செய்கின்றன என்று கூகிள் ஆராய்ச்சியாளர் 2022-இல் காட்டினர். 2025-இல் கூகிள் டீப்மைண்டின் மாதிரியொன்று சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு வினாக்களில் ஐந்தைத் தீர்த்து, 42-க்கு 35 மதிப்பெண் பெற்றுத் தங்கப் பதக்கத் தரத்தை எட்டிற்று. இதனைக் கிளிப்பேச்சென்று இகழ்தல் நேர்மையாகாது.

ஆயினும், 2024-இல் ஆப்பிள் ஆராய்ச்சியாளர் கிவிப் பழங்களை எண்ணும் எளிய கணக்கொன்றில், அவற்றுள் ஐந்து சற்றுச் சிறியன என்னும் பயனற்ற செய்தியைச் சேர்த்தனர். சிறிதாயினும் பழம் பழமே. சில மாதிரிகளோ அவ்வைந்தையும் கழித்துவிட்டன. 2023-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், எடுத்துக்காட்டு வினாக்கள் அனைத்திற்கும் முதல் விடையே சரியாகும்படி அடுக்கிவைக்க, மாதிரிகள் அடுத்த வினாவிலும் முதல் விடையின்பாற் சாய்ந்தன. சாய்ந்த காரணத்தைக் கூறாது, வேறு நியாயங்களை அழகுற எழுதின.

ஆகவே, எழுதிக்காட்டிய வழியே விடை பிறந்த வழியென்று துணிதற்கில்லை. ஒவ்வொரு படியும் முன்படியினின்று பிறக்கின்றதா, வேண்டாத செய்தி உட்புகுந்ததா என்று நாமே சோதித்தல் வேண்டும். அவ்வாற்றல் பல கணக்குகளில் தாமே இடர்ப்பட்டுத் தேறியவர்க்கன்றி வாய்ப்பதரிது. அவ்வுழைப்பை இயந்திரத்தினிடம் ஒப்புவிக்கும் மாணவர், அதன் பிழையைக் காணும் தகுதியையும் உடன் ஒப்புவிக்கின்றனர்.

நாளடைவில் இப்பிழைகள் குறையுமன்றோ எனச் சிலர் வினவலாம். குறைதல் கூடும், குறையுந்தோறும் எஞ்சிய பிழை நம் கண்ணுக்குத் தப்புதலும் எளிதாகும். மருந்தின் அளவிலும் பாலத்தின் பாரத்திலும் அத்தகைய ஒரு பிழையே பெருங்கேட்டிற்குப் போதுமானது.

ஆதலின் மாணவர் முதலில் தம் வழியை எழுதி, பின்னரே இயந்திரத்தின் வழியோடு ஒப்பிடுவாராக. ஆசிரியரும் எழுதிய விடையோடு அமையாது, அதன் வழியை வாய்மொழியாக விளக்கச் செய்து அதற்கும் மதிப்பெண் அளிப்பாராயின், இக்கருவியால் விளையும் நன்மை கேடின்றி நம்மைச் சேரும்.