விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் கற்பித்தல் முறையைச் சீர்செய்யக் கோரும் மனு

அல்லைப்பிட்டி,
வேலணைப் பிரதேச செயலர் பிரிவு,
யாழ்ப்பாணம்.

தலைவர்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
கொழும்பு 07.

பிரதிகள்: விஞ்ஞான, பொறியியல் பீடாதிபதிகளுக்கு

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

அல்லைப்பிட்டிப் பெற்றோரும் பட்டதாரிகளும் சேர்ந்த எமது சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றது. பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணத்து ரியூசனுக்குப் போய், தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் எம்மிடம் உண்டு. அவர்களிற் சிலர் முதலாம் வருடத்திலேயே பாடங்களைத் தவறவிட்டு மறுபரீட்சைக்குக் காத்திருப்பதைக் கண்டே இதை எழுதத் துணிந்தோம்.

ஒரு பிள்ளை தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னது இது. மண்டபம் நிறைய மாணவர். ஒரு மணி நேரத்தில் ஆங்கிலத்தில் அறுபது ஸ்லைட். முடிவில் "விளங்கிச்சுதா?" என்று ஒரு கேள்வி. ஒருவரும் வாய் திறப்பதில்லை. விளங்கிவிட்டதென்று பாடம் நகர்ந்துவிடும். பிறகு பரீட்சைக்குக் கைகொடுப்பது கடந்தகால வினாத்தாள்தான்.

சென்ற விடுமுறையில் சனசமூக நிலையத்தில் நாங்களே ஒன்றைச் செய்து பார்த்தோம். எங்கள் கிணறுகளில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், நாளடைவில் கீழிருக்கும் உவர்நீர் எவ்வளவு மேலே வரும்? விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் "ஓரடி" என்றே கை உயர்த்தினர். அடர்த்திச் சமன்பாடு எல்லோருக்கும் பாடம்! விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே வாதாட விட்டோம். ஒருத்தி சீமெந்துத் தரையில் சோக்கால் நன்னீரின் அடர்த்தி 1, உவர்நீரின் அடர்த்தி 1.025 என்று எழுதி, ஒன்றை அவற்றின் வித்தியாசமான 0.025ஆல் பிரித்தாள். ஏறத்தாழ நாற்பது அடி! மோட்டர் போட்டு இறைக்காதே என்று அம்மம்மா ஏசுவதன் காரணம் அன்றுதான் விளங்கியது என்றாள்.

இது எங்கள் கண்டுபிடிப்பில்லை. ஹாவர்டில் எரிக் மசூர் 1991 முதல் இவ்வாறுதான் பௌதிகவியல் கற்பித்தார். ஸ்கொட் ஃபிறீமன் குழுவினர் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 வீதம், மாணவரைச் செயற்பட வைத்த வகுப்புகளில் 21.8 வீதம். அமெரிக்காவில் பின்தங்கிய சூழலிலிருந்து வந்தோருக்கும் ஏனையோருக்கும் இடையிலான பரீட்சைப் புள்ளி இடைவெளி இம்முறையால் மூன்றிலொன்று குறைந்ததென 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. தீவுப்பகுதிப் பிள்ளைகளைப் பெற்ற எமக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப்பட்டது அதுதான்.

ஆகவே, முதலாம் வருடப் பெரிய வகுப்புகளில் ஒவ்வொரு விரிவுரையிலும் ஒரு பகுதி நேரம் இத்தகைய வினாக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். குழுக்கள் தாய்மொழியில் பேசத் தடை இருக்கக்கூடாது. விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். பாடம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஒரே எண்ணக்கருச் சோதனையை வைத்து, பெறுபேற்றைப் பீடத்துக்குள் பகிர வேண்டும். புதிய விரிவுரையாளருக்கான பயிற்சியில், மூத்தவர் ஒருவர் வகுப்பில் வந்திருந்து பார்த்துக் கருத்துரைப்பது கட்டாயமாகட்டும். பதவியுயர்வில் ஆய்வுக்கட்டுரைக்குள்ள மதிப்பு நல்ல கற்பித்தலுக்கும் கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் கடதாசியோடு நின்றுவிடும் என்பது எமது அபிப்பிராயம்.

இன்னொன்று: இம்முறையில் படிப்பவர் கூடுதலாகக் கற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்கின்றனர் என்று 2019இல் ஹாவர்டில் நடந்த ஆய்வொன்று கண்டது. எனவே மாணவர் நிரப்பும் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து விரிவுரையாளரை எடைபோடக் கூடாது.

புதுக் கட்டடமோ உபகரணமோ நாம் கேட்கவில்லை. விடையைத் தூக்கிக் காட்ட, அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நாலு மட்டைத் துண்டுகள் ஒரு மாணவருக்குப் போதும். அடுத்த கல்வியாண்டில் முதலாம் வருடப் பௌதிகவியலிலும் கணிதத்திலுமாவது இதைத் தொடங்கி வைக்குமாறும், எடுக்கும் முடிவை எழுத்தில் எமக்கு அறியத்தருமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சங்க உறுப்பினர்கள் சார்பாக