வராத பறவைகளின் கணக்கு

ஐப்பசி கார்த்திகை மழையில் ஜவ்வாது மலையடிவாரத்து ஏரிகள் நிரம்பி, அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் விடியற்காலைப் பனி வரப்புகளின்மேல் படியத் தொடங்கியதும், வேலூர் மாநகரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பற்றி வருஷந்தோறும் தவறாமல் வெளியாகும் செய்தி ஒன்று உண்டு: இன்ன ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து குவிந்திருக்கின்றன என்பதே அது. அழகான படத்துடன் அச்சாகும் அச்செய்தியின் கடைசிப் பத்தியில், ஏரி நீர் சுத்தமாகிவிட்டதற்கு இப்பறவைகளே சாட்சி என்ற பொருள்பட ஒரு வாக்கியமும் பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. பறவைகளைக் கண்டு ஜனங்கள் மகிழ்வது நல்லதுதான். என் ஆட்சேபமெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தின்மேல்.

வருகிறவர்கள் யாவர் என்பதை முதலில் பார்ப்போம். புரட்டாசி கழிவதற்குள் வாலாட்டிகள் வந்துவிடுகின்றன. மஞ்சள் வாலாட்டி ஏரிப் புறம்போக்கில் மேயும் மாடுகளின் காலடியில் பூச்சி தேடி ஓட, கருஞ்சாம்பல் வாலாட்டி மலையோர ஓடைகளின் பாறைகளை நாடிப் போகிறது. சைபீரியாவின் ஈரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பொறி உள்ளான் இங்கே வந்து சேற்றைக் கிளறுகிறது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் நடு ஏரியில் கூட்டமாக மிதக்க, அவற்றைக் கலைத்தபடி சேற்றுப் பூனைப்பருந்து கோரைப்புல்லின்மேல் தாழப் பறக்கிறது. தை மாதத்தில் சோளக்கொல்லைகளை நோக்கிச் சூறைக்குருவிகள் மேகம்போல் இறங்குகின்றன. ஏறத்தாழ 30 நாடுகளின் மேலாகச் செல்லும் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடியில் நாம் இருக்கிறோம். ஆனால் பத்திரிகைப் படங்களில் ‘வெளிநாட்டு விருந்தாளிகள்’ என்ற தலைப்பின்கீழ் நிற்பவை பெரும்பாலும் கூழைக்கடாவும், சங்குவளை நாரையும், நத்தை குத்தி நாரையுமே. இவை மூன்றும் நம் நாட்டிலேயே கூடுகட்டி, நீரைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்பவை. உருவத்தில் பெரியவையாகவும் புகைப்படத்துக்கு அடங்கி நிற்பவையாகவும் இருப்பதால், அவற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லாமலே அந்நிய நாட்டுப் பிரஜா உரிமை கிடைத்துவிட்டது.

இப்போது சாட்சியத்துக்கு வருவோம். ஒரு நீர்நிலையில் பறவைகள் திரளுகின்றன என்றால், அங்கே அவற்றுக்கு இரை கிடைக்கிறது என்பது மட்டுமே அதனால் ருசுவாகிறது. நகரத்துச் சாக்கடை வந்து கலக்கும் நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் பல மாண்டுபோனாலும், அதே சேற்றில் செந்நிறப் புழுக்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் செங்கால்களை ஊன்றி நெடுங்கால் உள்ளான்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காட்சி கண்ணுக்கு இனியது. அந்த நீரையோ ஒரு பசுகூட வாயில் வைக்காது. பம்பாயில் தாணே கடற்கழியில், மாநகரத்தின் கழிவுகளெல்லாம் வந்து சேரும் இடத்தில், பூநாரைகள் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. கழிவு கொண்டுவந்து சேர்க்கும் சத்தினால் வளரும் பாசியே அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சென்னைப் பள்ளிக்கரணையில் குப்பைமேட்டின் நிழலிலேயே பூநாரைகள் மேய்கின்றன. 2019 நவம்பரில் ராஜஸ்தானத்துச் சாம்பார் ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பாட்டுலிசம் என்னும் நச்சு நோயால் மடிந்தன. அந்நோய் வெளிப்படுவதற்கு முந்தின வாரத்தில் யாரேனும் அங்கே சென்றிருந்தால், வழக்கம்போல் பறவைகள் செழித்திருக்கும் ஏரி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

மற்ற ஊர்களில் இந்த அனுமானப் பிழை வெறும் அறியாமை. தோல் பதனிடும் தொழில் நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றிய நம் பாலாற்றுப் பிரதேசத்திலோ அது சிலருக்கு மிகவும் சௌகரியமான அறியாமையாகிவிடக்கூடும் என்பதே என் கவலை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி வளர்ந்த இத்தொழில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டினுடையது என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறது. ஆனால் ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் வரை பயன்படுகின்றன என்பதையும், தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போய்விட்டது என்று ஆராய்ச்சி நிலையம் ஒன்று கண்டதையும் அதே தீர்ப்புதான் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது நம்முடைய இந்தக் கெட்டுப்போன கிணறுகளின் புண்ணியத்தால்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடுகளும் அதன் பின்னர் வந்தன. நிலைமை அன்றிருந்ததுபோல் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம். ஆயினும் 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கில் மறுபடியும் தலையிட்டு, நஷ்டஈட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் கவனிக்கக் குழு அமைக்கும்படி உத்தரவிட நேர்ந்தது.

உப்பிட்ட தோலை ஊறவைத்த நீரிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய உப்பு, தொழிற்சாலை திருந்திய மறுநாளே மறைந்துவிடுவதில்லை; நீரின் நிறமும் நாற்றமும் மாறிய பிறகும் அது நிற்கிறது. உப்பு ஏறிய குளத்தில் அல்லியும் தாமரையும் குன்றுகின்றன. அவற்றின் இலைகளின்மேல் நடந்து பிழைக்கும் இலைக்கோழிக்கு அங்கே வேலை இல்லாமற் போகிறது. நத்தைகள் அருகினால் நத்தை குத்தி நாரை வேறிடம் பார்க்கிறது. சிறு மீன்களும் நீர்ப்பூச்சிகளும் இல்லாத இடத்தில் முக்குளிப்பான் மூழ்கி என்ன பயன்? உள்ளான்களும் கொக்குகளும் அங்கே நூற்றுக்கணக்கில் நின்றாலும், இம்மூவரும் இல்லாமற் போனது ஏரியைப் பற்றிய பெரிய செய்தி. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி அணைக்கட்டுப் பக்கமாக வந்து பாலாற்றில் கலக்கும் உத்தர காவிரியின் நீர் பாயும் ஏரிகளில், தோல் தொழிற்சாலைகளின் நெருக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரே மழை, ஒரே பனிக்காலம், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடைவெளி. அப்படியிருக்க, மலையடிவாரத்து ஏரிக்கு வருபவர் யாவர், ஆற்றங்கரைத் தொழில் நகரத்து ஏரிக்கு வராதவர் யாவர் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆய்வுக்கூடத்து உப்புக் கணக்குக்குத் துணையாக நிற்கக்கூடிய ஓர் உயிர்க்கணக்கு நமக்குக் கிடைக்கும். அது துணைதான், ஆய்வுக்கூடத்துக்குப் பதிலாக எந்தப் பறவையும் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது.

இந்தக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதுபோன்ற வருஷத்தில், சின்ன ஏரி பெரிய ஏரி என்ற பேதமின்றி எல்லாம் நிரம்பி வழிந்து கோடி போகின்றன. வயல்களிலும் பள்ளங்களிலும்கூட நீர் நிற்கும்போது பறவைகள் நாலா திசையிலும் பிரிந்துவிடுவதால், வழக்கமாகப் போய்ப் பார்க்கும் ஏரியில் எண்ணிக்கை சரிகிறது. மழை பொய்த்த வருஷத்திலோ, நீர் எஞ்சிய ஓரிரு ஏரிகளில் எல்லாப் பறவைகளும் அடைக்கலம் புகுகின்றன. ஊரில் ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நீர் இருந்தால் அங்கே குடங்கள் மொய்ப்பதைக் கண்டு, ஊரே செழித்திருக்கிறது என்று நாம் சொல்வதில்லை. ஆகவே ஏரியில் எத்தனை முழம் நீர் நின்றது என்பதைச் சொல்லாத பறவைக் கணக்கு பாதிக் கணக்கே. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மீன் குத்தகை எடுத்தவர் கூழைக்கடாக்களை விரட்டுவதற்காக வெடி கொளுத்தும் ஏரியில் பறவைகள் இல்லையென்றால், அந்தப் பழியை நீரின்மேல் சுமத்துவது அநியாயம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் வருஷந்தோறும் ஜனவரியில் நடந்துவருகிறது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் தத்தம் ஊரிலேயே நின்று, கண்ட பறவைகளைப் பதினைந்து நிமிஷமேனும் எண்ணிப் பதிவு செய்யும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் இதற்கு விலையுயர்ந்த காமிராவோ நெடும் பிரயாணமோ வேண்டியதில்லை. அ. மாதவையாவின் புதல்வரும், 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதியவருமான மா. கிருஷ்ணன், காட்டு யானையைப் போலவே வீட்டுக் கொல்லைக் காக்கையையும் அணிலையும் கூர்ந்து பார்த்தவர். அந்தப் பார்வையே கணக்கெடுப்புக்கு உகந்தது. அபூர்வப் பறவை ஒன்றைத் துரத்திக்கொண்டு ஐம்பது கார்கள் ஓர் ஏரிக்கரையில் வந்து நிற்பதை அவர் எவ்வாறு வருணித்திருப்பார் என்று கற்பனை செய்துபார்ப்பதில் எனக்கு ஒரு சிறு சந்தோஷம் உண்டு.

கணக்கை யார் வைத்திருப்பது என்பதே மிஞ்சும் கேள்வி. வேடந்தாங்கல் ஏரியைச் சார்ந்த குடியானவர்கள், பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாவதைக் கண்டவர்களாதலால், வேட்டையாடியவர்களை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் பாதுகாப்பைப் பெற்றார்கள் என்பது வரலாறு. அன்று பறவைக்காகப் பேசியவர்கள் ஏரிப் பாசனத்தார். அந்தப் பொறுப்பை மறுபடியும் ஏரிப் பாசனத்தாரிடமே ஒப்படைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சென்னை ராஜதானியில் 1883-இல் தொடங்கிய ஏரி மராமத்துத் திட்டத்தின்கீழ் ஏரி ஏரியாகக் கொள்ளளவு, கரை நீளம், மதகு, கலங்கல் எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். அப்படிப்பட்ட குறிப்பேட்டில் பறவைக்கும் ஒரு பத்தியை ஒதுக்கினால் என்ன? 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் காகிதத்தோடு நின்றுவிடாமல் இதை மேற்கொள்ளலாம். தேதி, நீரின் ஆழம், அவ்வருஷம் கோடி போனதா என்ற விவரம், மீன் குத்தகை உண்டா இல்லையா என்பது, வந்த பறவைகள், அவற்றுக்கு எதிரே வழக்கமாக வந்து இவ்வருஷம் வராதவை, இவ்வளவு போதும். மதகு திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு ஆழம் தெரியும், மாடு மேய்ப்பவருக்குப் பறவை தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வேண்டும். படித்தவர்கள் சொன்னாலொழிய நம்பமாட்டோம் என்பவர்களுக்காக, மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து சரிபார்க்கட்டும்.

பொங்கல் சமயத்தில் நம் ஏரிகள் பெரும்பாலும் நிறைந்து நிற்பதால், அப்போது எண்ணினால் வாத்துகள் அகப்படும். உள்ளான்களோ நீர் வடிந்து சேறு தெரிந்த பிறகே நம் ஏரிகளில் நன்றாகக் கூடுகின்றன. ஆகையால் மாசி நடுவில் இன்னொரு தரம் எண்ணுவது அவசியம். பங்குனி வெயில் ஏறிவிட்டால் அவை வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். மாசியில் பொதுத்தேர்வின் நெருக்கடி இருக்குமென்று தலைமையாசிரியர்கள் சொல்லக்கூடும். அந்தத் தேர்வு இல்லாத எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமைக் காலையில், வெயில் சுடுவதற்கு முன் இரண்டு மணி நேரம் அவர்களுக்குப் போதும்.