பழைய காருக்கு எந்த இஞ்சின்? பிரேக்கையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள் தம்பிமாரே



கல்குடாத் தொகுதியில் ஓட்டமாவடி, மீராவோடை, வாழைச்சேனை என்று எந்தக் கராஜுக்குப் போனாலும் இப்போது இந்தப் பேச்சுத்தான். "இஞ்சின் போயிட்டு. கையில காசு இவ்வளவுதான் இருக்கு. எந்த இஞ்சினப் போடலாம்?" நம்மிடம் படித்த பிள்ளை ஒருவரும் அண்மையில் இதையே கேட்டார். கத்தாரில் நாலு வருடம் உழைத்துவிட்டு வந்து, 1990ஆம் வருடத்து ஹொண்டா சீ.ஆர்.எக்ஸ். ஒன்றை வாங்கியிருக்கிறார். பொடி நல்லம், இஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. கூட்டாளிமார் எல்லோரும் ஒரே குரலில் "பெரிசாப் போடு" என்கிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களும் ஒரே குரலில் "வித்துத் தொலை" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் நமக்கு உடன்பாடில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம்.

முதலில் பெரியவர்களுக்கு. இது வெறும் ஊதாரித்தனம் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடாதீர்கள். வகுப்பில் விகிதம் என்றாலே தலையைக் குனிந்து கொண்ட பிள்ளை, இன்று நெருக்கல் விகிதம் 10.2க்கு 1 என்றால் என்னவென்று நமக்கே விளக்குகிறார். வயரிங் வரைபடம் வாசிக்கிறார். ஆர்வம் இருக்கிற இடத்தில்தான் படிப்பு ஏறும். அதோடு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. திறந்த கதவிலும் வயதெல்லை உண்டு, வரியும் தலைக்கு மேல். முப்பது வருடத்துக் கார் இனி இந்த நாட்டுக்குள் வரப்போவதில்லை. இருப்பதைத் திருத்தி ஓட்டுவது புத்தியுள்ள வேலைதான், கணக்கோடு செய்தால்.

இனித் தம்பிமாருக்கு.

கல்குடாக் கடற்கரைக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு இஞ்சின் மாற்றுவது புதுச் சங்கதி இல்லை. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகு வைத்திருக்கிற ஒருவரிடம் போய், இஞ்சின் எடுக்கும்போது முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். எத்தனை குதிரை வலு என்பதற்கு முன்னால், சாமான் எங்கே கிடைக்கும், யார் திருத்துவார், எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்றுதான் சொல்வார். கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நம் வயல்காரரும் லேண்ட்மாஸ்டருக்கு அப்படித்தான் பார்க்கிறார். இந்த மூன்று கேள்வியையும் காருக்கும் கேளுங்கள் என்பதுதான் நம் முதல் ஆலோசனை.

சீ.ஆர்.எக்ஸையே உதாரணமாக எடுப்போம். இந்த இரண்டாம் தலைமுறைக் கார் ஒரு தொன்னுக்கும் குறைவான பாரம். ஹொண்டா இதற்கு மூன்று வகை இஞ்சின் கொடுத்திருந்தது. சாதாரண வகைக்கு 1.5 லீற்றர் டீ15பீ. அடுத்ததற்கு 1.6 லீற்றர் இஸட்.சீ. மேல் வகையான எஸ்.ஐ.ஆருக்கு 1989இல் வந்த பீ16ஏ, வீ-டெக் உள்ளது, 160 குதிரை வலு. எல்லோரும் கேட்பது இந்தக் கடைசியைத்தான். பெயர் பெற்ற இஞ்சின், சந்தேகமில்லை. ஆனால் அதன் விலை அந்தப் பெயருக்கான விலை. அமெரிக்காவில் 25 வருடம் கடந்த வெளிநாட்டுக் காரை அங்குள்ள பாதுகாப்புத் தரக் கட்டுப்பாடு இல்லாமலே இறக்கலாம். அதனால் தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. மீராவோடைத் தம்பி அதே இஞ்சினுக்கு டொலர் சம்பளக்காரரோடு போட்டி போடுகிறார்.

விலையைக் கொடுத்து வாங்கினாலும் வேலை முடியவில்லை. டீ வகை இருந்த காரில் பீ வகையை இருத்த வேறு மவுண்ட் வேண்டும், வேறு கியர் பொக்ஸ் வேண்டும், வேறு எக்ஸல் வேண்டும், கம்பியூட்டர் பெட்டியும் வயரிங்கும் மாற வேண்டும். அந்தக் காலத்துச் சீ.ஆர்.எக்ஸின் கிளட்ச் கேபிளில் இயங்குவது. பின்னால் வந்த பீ வகைக் கியர் பொக்ஸ்கள் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குபவை. பொருந்தாததை எடுத்துவிட்டால் அதற்கென்று இன்னொரு செலவு. கே20 போடு என்று சொல்கிற கூட்டாளியும் இருப்பார். அந்த இஞ்சின் சுழலும் திசையே பழைய டீ, பீ வகைகளுக்கு எதிர்ப்பக்கம். இஞ்சின் அறைக்குள் இருக்கிற அநேகமான சாமான்களை மாற்றுகிற வேலை அது.

அப்படியானால் நம் கருத்து என்ன? அதே குடும்பத்து இஞ்சினைப் போடுங்கள். நம் நாட்டில் தொண்ணூறுகளில் இறங்கிய சிவிக் கார்கள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. அவற்றில் இருக்கிற வீ-டெக் உள்ள டீ15பீ 1.5 லீற்றர்தான், ஆனால் 130 குதிரை வலு. உங்களுடைய பழைய கியர் பொக்ஸ் அதற்குப் பொருந்தும், பழைய இஞ்சினின் பிரெக்கெட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வயரிங்கில் வேலை இருக்கும். கார்பரேட்டர் கார் என்றால் உயர் அழுத்தப் பெற்றோல் பம்பும் போட வேண்டும். இருந்தும் மொத்தச் செலவு பீ16ஏயின் பக்கத்திலும் வராது. கேஸ்கட், வோட்டர் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டால் அடுத்த நாள் ஊருக்கு வந்துவிடும். ஒரு தொன்னுக்கும் குறைந்த காருக்கு 130 குதிரை வலு போதாது என்கிற ஆளைப் பாசிக்குடா வீதியில் ஓட்டவே விடக்கூடாது.

பெற்றோலையும் யோசியுங்கள். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், செட்டில் கியூவில் படுத்துக் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜப்பானில் விசையான இஞ்சின்களுக்கு ஊற்றுகிற உயர்ரகப் பெற்றோல் 100 ஒக்டேன் அளவு. நம் செட்டுகளில் பெரும்பாலும் 92, 95தான். நெருக்கல் விகிதம் கூடிய இஞ்சினுக்குக் குறைந்த ஒக்டேனை ஊற்றினால் தீப்பொறி பற்றிய பிறகு, சுவாலை இன்னும் எட்டாத கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். நொக்கிங் என்று பாஸ்மார் சொல்வது இதைத்தான். பிஸ்டன் ஓட்டையாகும் வரை அது போகலாம். பீ16ஏயின் விகிதம் 10க்கு மேல், டீ15பீ 9 சொச்சம். எந்தப் பெற்றோலை மாதா மாதம் வாங்க முடியுமோ அதற்கேற்ற இஞ்சினை எடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதை ஏன் எவரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை. இருக்கிற இஞ்சினையே இறக்கிச் செய்வது. ரிங், பெயாரிங், வால்வு சீல், கேஸ்கட் மாற்றி, ஹெட்டை லேத்தில் மட்டம் பிடித்து ஏற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். புளொக் வெடிக்காமல், சிலிண்டர் அதிகம் தேயாமல் இருந்தால் இதுதான் முதல் தெரிவாக இருக்க வேண்டும். இஞ்சின் நம்பர் மாறாது, பத்திர அலைச்சல் இல்லை. நேரம் எடுக்கும், நல்ல கை வேண்டும், அவ்வளவுதான்.

வெளியில் வாங்குவதென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் அநேகமானோர் போகிறீர்கள். அங்கே வருகிற இஞ்சின்களில் நல்லவை இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தரமும் ஷாக்கென் என்ற கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. 13 வருடம் கடந்த பெற்றோல் காருக்கு வரியும் கூடுகிறது. அதனால் ஓடக்கூடிய கார்களையே கழித்துவிடுகிறார்கள். ஆனால் நம் தம்பிமார் தேடுகிற இஞ்சின்கள் முப்பது வருடத்துப் பழசு. ஸ்டிக்கரும் சில்வர் பெயின்டும் வயதைக் குறைக்காது.

ஆகவே கையில் ஒரு கொம்பிரெஷன் கேஜ் இல்லாமல் காசை நீட்டாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, அக்சலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். இந்த வகை ஹொண்டா இஞ்சின்களுக்கு 135 பீ.எஸ்.ஐ.க்குக் கீழே போகக்கூடாது. அதைவிட முக்கியம், நாலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 28க்கு மேல் இருக்கக்கூடாது. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதும் ஒட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். முடியுமானால் தனி இஞ்சினாக எடுக்காமல் ஹாஃப் கட்டாக எடுங்கள். கியர் பொக்ஸ், வயரிங், கம்பியூட்டர் பெட்டி எல்லாம் ஒரே காரிலிருந்து வந்தால் பாதித் தலையிடி குறையும். காருக்குள் ஏற்றுவதற்கு முன் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், சீல்கள் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து வளையும், வாங்கிய காசு அந்த நிமிடமே போச்சு.

பத்திரம். வாகனப் பதிவுச் சான்றிதழில் இஞ்சின் நம்பர் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துச் சான்றிதழைத் திருத்த வேண்டும். "யாரு பாக்கப் போறா" என்று விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விபத்து நடந்து காப்புறுதி கேட்கிற அன்று பார்ப்பார்கள், காரை விற்கப் போகிற அன்று பார்ப்பார்கள். விற்பவரிடம் பில்லையும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்றால் அது யாருடைய காரிலிருந்து கழற்றியதோ, அல்லாஹ்தான் அறிவான். ஹலாலான உழைப்பைக் கொண்டுபோய் சந்தேகமான பொருளில் போடாதீர்கள்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. கையிலிருக்கும் மொத்தக் காசில் பாதிக்கு மேல் இஞ்சினுக்குப் போகக்கூடாது. மற்றப் பாதி பிரேக், டயர், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், பத்திரம் ஆகியவற்றுக்கு. சாதாரண வகைச் சீ.ஆர்.எக்ஸின் பின் பிரேக் டிரம். ஹொண்டாவே எஸ்.ஐ.ஆருக்கு பீ16ஏயைப் போட்டபோது முன் டிஸ்க்கைப் பெரிதாக்கி, பின்னுக்கும் டிஸ்க் கொடுத்தது. கார் செய்தவனே பிரேக்கை மாற்றாமல் அந்த இஞ்சினைப் போடவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று படித்தீர்களே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை. 80இல் போகிற கார் 100இல் போனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். 120இல் போனால் இரண்டேகால் மடங்கு. கடற்கரைக் காற்றில் கிடந்த காரென்றால் சேசியையும் பிரேக் குழாய்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உப்புத் தின்ற இரும்புக்கு எந்த இஞ்சினும் மருந்தில்லை.

நாவலடி தாண்டிப் புணானைப் பக்கம் வீதி நேராகக் கிடக்கிறது என்று ஆசைப்படுகிறீர்கள். அதே வீதியில் இரவில் மாடு படுக்கிறது, யானை கடக்கிறது, விளக்கில்லாத சைக்கிளில் ஒரு வாப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். ஓட்டப்பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய இடத்திலும் என்ன நடந்தது? 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் மரணித்தார்கள். அதில் ஒருவர் 8 வயதுச் சிறுமி. நம் வீதிகளில் பாடசாலை விடுகிற நேரத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், வாசலில் நின்று கடத்திவிடுகிறவர்கள் நாம்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். நம் பகுதியில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கிற பொறுப்பைச் சுமந்துதான் அநேகமான பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அந்த முறை சரியா பிழையா என்பது வேறு விவாதம், நாம் அதை மாற்ற வேண்டும் என்ற பக்கம் நிற்கிறோம். ஆனால் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தில் நிற்கும்போது, உம்மாவின் நகையை அடகு வைத்து 160 குதிரை வலு வாங்கக்கூடாது. வட்டிக்கு எடுத்து வாங்கவே கூடாது. சின்ன இஞ்சின், கையிலிருக்கும் காசு, கடன் இல்லை. இப்படி ஓடுகிற கார்தான் ஓட்டுகிறவனுக்கு நிம்மதி தரும்.

நம்மிடம் கேட்ட பிள்ளைக்குச் சொன்னதும் இதுதான். முதலில் கொம்பிரெஷன் பார், புளொக் நல்லமென்றால் இருக்கிறதையே செய். இல்லையென்றால் வீ-டெக் டீ15பீ. எதைச் செய்தாலும் பிரேக்கை முடித்துவிட்டு இஞ்சினில் கை வை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது. பரவாயில்லை.

ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்தில் இந்தப் பழைய ஹொண்டா இஞ்சின்களை ஒழுங்காக இறக்கிச் செய்கிற பாஸ்மாரைத் தெரிந்தவர்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரிய இஞ்சின் கேட்டு வருகிற பிள்ளையிடம், பிரேக் செய்யாமல் மாட்டித்தர மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னால் அறிவுரை என்று சிரிப்பார்கள். பாஸ் சொன்னால் கேட்பார்கள்.